உடல் நிறை குறைவது இடையில் நிற்பதேன்?

உடல் பருத்த ஒருவர் தமது நிறையைக் குறைத்தல் வேண்டுமெனத் துணிந்து, உணவைச் சுருக்கிக் காலையும் மாலையும் நடக்கத் தொடங்குகின்றார். முதல் வாரத்திலேயே நிறை பார்க்கும் கருவி இரண்டு கிலோ குறைந்ததாகக் காட்டுகின்றது. அடுத்த சில மாதங்களில் இன்னும் நாலைந்து கிலோ குறைகின்றது. கண்டோர் வியக்கின்றனர், பழைய சட்டைகள் தளர்கின்றன. பின்னர் ஒருநாள் கருவியின் முள் ஓரிடத்தில் நின்றுவிடுகின்றது. அவர் முன்போலவே உண்பதாகவும் முன்போலவே நடப்பதாகவும் எண்ணுகின்றார், முள்ளோ அசைவதில்லை. நான்கு வாரம் போகின்றது, எட்டு வாரம் போகின்றது. இந்நிலையில் பெரும்பாலோர் செய்வது இரண்டிலொன்று. உணவை மேலும் பாதியாக்கிப் பட்டினி கிடக்கின்றனர். அன்றேல், "நம் உடல்வாகு இவ்வளவே" என்று முயற்சியை அடியோடு கைவிடுகின்றனர். இரண்டும் தீங்கு பயப்பன. முள் நிற்பதன் காரணம் இன்னதென அறிந்தோர் இவ்விரண்டு வழியிலும் போகவேண்டுவதில்லை. நம் கல்லூரி விடுதியிலும், ஆசிரியர் அறையிலும், பழைய மாணவர் கூடும் இடங்களிலும் இப்பேச்சு அடிக்கடி எழுவதால், அக்காரணத்தை ஈண்டுச் சற்று விரித்துரைக்கப் புகுகின்றோம்.

முதலில், முதல் வாரத்து வேகத்தைப் பற்றி ஒரு சொல். நமது ஈரலிலும் தசைகளிலும் கிளைக்கோஜன் என்னும் மாச்சத்து ஏறக்குறைய அரைக் கிலோ அளவு சேமிக்கப்பட்டிருக்கின்றது. அது தன்னுடன் தன் எடையைப்போல் மூன்று மடங்கு நீரையும் பிடித்து வைத்திருக்கும். உணவு குறைந்தவுடன் உடல் முதலிற் கைவைப்பது இச்சேமிப்பின்மேல்தான். அது கரையுங்கால் அதனொடு கட்டுண்ட நீரும் வெளியேறுகின்றது. ஆகவே முதல் வாரத்திற் குறைந்த இரண்டு கிலோவிற் பெரும்பகுதி நீரேயன்றிக் கொழுப்பன்று. அவ்வேகத்தை அளவுகோலாகக் கொண்டு பின்வரும் மாதங்களை அளப்போர் ஏமாற்றம் அடைவது திண்ணம்.

அடுத்து, நின்றுவிட்டதாகத் தோன்றுவனவெல்லாம் உண்மையில் நின்றனவல்ல. ஒரே மனிதரின் நிறை நாளுக்கு நாள் ஒரு கிலோவோ அதற்கு மேலோ ஏறி இறங்குதல் இயல்பு. முன்னாள் இரவு ஊறுகாயும் அப்பளமும் மிகுதியாக உண்டால் உப்பு நீரைப் பிடித்துக்கொள்ளும். பழகாத உடற்பயிற்சி செய்து தசை நோவெடுத்தாலும் அங்கு நீர் கோக்கும். பெண்களுக்கு மாதவிலக்கை ஒட்டிய நாட்களில் நிறை கூடுவதுண்டு. கொழுப்பு வாரத்திற்குக் கால் கிலோ கரைந்துகொண்டிருக்கையிலேயே, நீரின் இவ்வேற்றம் அதனை இரண்டு மூன்று வாரம் மறைத்துவிடும். ஆதலின் ஒரு நாளைய எண்ணை நம்பலாகாது. காலையில் மலசலம் கழித்தபின், உண்பதற்கு முன், ஒரே கருவியில் நாள்தோறும் நிறுத்து, ஏழு நாளின் சராசரியைக் குறித்துவரல் வேண்டும். அச்சராசரி நான்கு வாரம் தொடர்ந்து அசையாதிருந்தால் மட்டுமே நின்றுவிட்டது என்று கொள்ளத்தகும்.

இனி, மெய்யாகவே நிற்கும் நிலையை ஆராய்வோம்.

உடலை நிறுத்துப் பார்த்து அதன் வரவு செலவை அறியும் முயற்சி பழமையானது. இத்தாலி நாட்டுப் படுவா நகரத்துப் பேராசிரியர் சாங்க்டோரியஸ் என்பார், தராசிலிருந்து தொங்கும் நாற்காலியில் அமர்ந்து, உண்டதையும் கழித்ததையும் ஆண்டுக்கணக்காக நிறுத்துவந்து, 1614-ஆம் ஆண்டில் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார். அவர் கண்ட வரவு செலவு எடைக்கணக்கு. நாம் இன்று பார்ப்பது வெப்பக்கணக்கு. ஒரு கிலோ நீரின் சூட்டை ஒரு பாகை உயர்த்தும் வெப்பத்தையே உணவு நூலார் கலோரி என வழங்குகின்றனர். உண்ணும் கலோரி செலவாகும் கலோரியினும் குறைந்தால், குறையும் அளவை உடல் தன் சேமிப்பிலிருந்து எடுக்கின்றது. இவ்வளவும் யாவரும் அறிந்ததே.

இதிலிருந்து எழுந்த ஒரு கணக்கு நெடுங்காலம் மருத்துவ நூல்களில் ஆட்சி புரிந்தது. விஷ்னாஃப்ஸ்கி என்னும் அமெரிக்க மருத்துவர் 1958-இல், ஒரு பவுண்டு உடல் நிறைக்கு 3,500 கலோரி ஈடாகும் என்று எழுதினார். கிலோவிற்குச் சொன்னால் ஏறத்தாழ 7,700 கலோரி. அப்படியாயின் நாள்தோறும் 500 கலோரி குறைத்து உண்பவர் வாரம் ஒரு பவுண்டு வீதம் குறைந்துகொண்டே போதல் வேண்டும். 90 கிலோ நிறையுள்ள ஒருவரை இக்கணக்கிற் பொருத்திப் பார்ப்போம். முதலாண்டில் 23 கிலோவிற்கு மேல் குறையும். மூன்றாண்டு முடிவில் அவர் 19 கிலோ இருப்பார். நான்காம் ஆண்டு நிறைவதற்குள் காற்றோடு காற்றாய் மறைந்துபோவார்! இத்தகைய அற்புதம் உலகில் நிகழக் காணோம். கணக்கில் எங்கோ ஓர் ஓட்டை இருத்தல் வேண்டும்.

ஓட்டை யாதெனில், செலவை மாறாத எண்ணாகக் கொண்டதே. பெரிய வண்டியை இழுக்கப் பெரிய மாடு வேண்டும். வண்டி சிறுத்தால் இழுக்கும் உழைப்பும் சிறுக்கும். 90 கிலோ உடல் மாடிப்படி ஏறுவதற்கும், படுத்து உறங்குவதற்கும் செலவிடும் வெப்பம், 80 கிலோ உடல் செலவிடுவதினும் மிகுதி. உணவு குறைந்ததனால் அதனைச் செரிப்பதற்கான செலவும் குறைகின்றது. இவ்வாறு நிறை குறையக் குறையச் செலவும் இறங்கிவந்து, ஒருநாள் குறைத்து உண்ணும் வரவோடு ஒத்துவிடும். அன்று முள் நிற்கும். அமெரிக்க அரசின் தேசிய ஆரோக்கிய நிலையத்தைச் சேர்ந்த கெவின் ஹால் என்பாரும் அவர் துணைவரும் இதனைக் கணித முறையால் ஆராய்ந்து 2011-இல் ஒரு புதிய விதியை வெளியிட்டனர். நாளொன்றுக்கு 24 கலோரியை நிலையாகக் குறைத்தால் இறுதியில் ஏறக்குறைய ஒரு கிலோ குறையும். அதிற் பாதி ஓராண்டிலும், ஏறத்தாழ முழுவதும் மூன்றாண்டிலும் குறையும் என்பதே அது. நம் 90 கிலோ மனிதர் 500 கலோரியை உண்மையிலேயே குறைத்து நின்றால், ஓராண்டில் 10 கிலோவும், மூன்றாண்டில் 20 கிலோ அளவும் குறைந்து, ஆங்கு நிற்பார். ஆகவே நிற்றல் என்பது முயற்சியின் தோல்வியன்று. ஒவ்வொரு குறைப்பிற்கும் அதற்குரிய முடிவிடம் உண்டு.

உடல் சிறுத்ததற்கு ஏற்பச் செலவு குறைவதோடு கதை முடியவில்லை. அதற்கும் மேலாக உடல் சிக்கனம் பிடிக்கின்றது. இதனை நுணுக்கமாக அளந்து காட்டிய ஓர் ஆராய்ச்சியை இங்கு விரிவாகக் கூறுதல் தகும். இரண்டாம் உலகப்போரின் இறுதியில், ஐரோப்பாவில் பசியால் வாடிய மக்களை மீட்கும் வழி யாது என்பதை அறிய, அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்னும் அறிஞர் ஒரு சோதனை தொடங்கினார். போரில் ஆயுதம் ஏந்த மனச்சாட்சி இடந்தராதென மறுத்த இளைஞர் 36 பேர் அதற்குத் தம் உடலை ஒப்புவித்தனர். குவேக்கர், மென்னோனைட், பிரெதரன் முதலிய சபைகளைச் சேர்ந்தோர் அவருட் பலர். பல்கலைக்கழகத்து விளையாட்டரங்கின் கீழிருந்த அறைகளில் அவர்கள் தங்கினர். 1944 நவம்பரிற் சோதனை தொடங்கிற்று. முதல் 12 வாரம் நல்லுணவு. பின்னர் 1945 பிப்ரவரி முதல் 24 வாரம் அரைப்பட்டினி. உருளைக்கிழங்கும், முள்ளங்கியை ஒத்த கிழங்குகளும், ரொட்டியும், மக்கரோனியுமே அவர்தம் உணவு. நாளொன்றுக்குச் சராசரி 1,570 கலோரி அளவு. வாரம் 22 மைல் நடத்தலும் கட்டாயம்.

முதல் வாரங்களில் நிறை விரைந்து வீழ்ந்தது. பின்னர் வீழ்ச்சி தணிந்தது. 24-ஆம் வாரத்தில் ஏறக்குறைய நின்றது. நிறை இவ்வாறு வளைந்து சமனாகும் என்பதைக் கீஸ் முன்னரே எதிர்பார்த்து, கோடு வரைந்து, அக்கோட்டிற்கு இயைய ஒவ்வொருவரின் ரொட்டியையும் கிழங்கையும் கூட்டியும் குறைத்தும் வந்தார். சராசரி நிறை 69 கிலோவிலிருந்து 53 கிலோவிற்கு இறங்கிற்று. ஓய்ந்திருக்கும்போது உடல் செலவிடும் வெப்பம் சுமார் நூற்றுக்கு 40 பங்கு குறைந்தது. உடல் சிறுத்ததனால் மட்டும் இவ்வளவு குறைதல் இயலாது. நிமிடத்திற்கு 55 முறை துடித்த நாடி 35 முறையாயிற்று. வேனிற்காலத்திலும் அவர்கள் குளிரால் நடுங்கினர். தேவையின்றிக் கையையும் காலையும் அசைப்பதையே விட்டனர். கணுக்காலில் நீர் கோத்து வீங்கியதனால், கரைந்த சதையின் அளவை நிறைகோல் முழுதும் காட்டவுமில்லை. இச்சோதனையின் முடிவுகள் 1950-இல் இரண்டு பெருந் தொகுதிகளாக வெளிவந்தன.

ஆயின் ஒன்றை மறத்தலாகாது. அவ்விளைஞர் பருத்தவரல்லர், இயல்பான உடலினர், எலும்புந் தோலுமாகும் வரை மெலிந்தவர். நூற்றுக்கு 40 என்னும் எண்ணைக் கண்டு, "என் உடல் பட்டினி நிலைக்குப் போய்விட்டது, அதனாற்றான் நிறை குறையவில்லை" என்று, பத்துப் பன்னிரண்டு கிலோ மிகையாக உள்ளவர் உரைத்தல் பொருந்தாது. அவ்விளைஞரே கூட இறுதிவரை மெலிந்தனரேயன்றிப் பருக்கவில்லை என்பதையும் கருதுக. பருத்தவரிடத்தும் சிக்கனம் உண்டு, ஆனால் அளவு சிறிது. நியூயார்க்கு நகரத்து ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் லீபெல் முதலியோர் செய்து 1995-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நிறையிற் பத்தில் ஒரு பங்கு குறைந்தவரின் உடல், அந்நிறைக்கு எதிர்பார்க்கத்தக்க செலவினும் நாளொன்றுக்குச் சில நூறு கலோரி குறைவாகவே செலவிட்டது. கொழுப்பிலிருந்து சுரக்கும் லெப்டின் என்னும் பொருள் குறைவதே இதற்கு ஒரு முக்கிய காரணம். 1994-இற் கண்டுபிடிக்கப்பட்ட இப்பொருள், சேமிப்பு எவ்வளவு உள்ளது என்பதை மூளைக்கு அறிவிக்கும் தூதுவன் போன்றது. தூது குறைந்தால் மூளை செலவைச் சுருக்கும்.

செலவைச் சுருக்குவதோடு வரவைப் பெருக்கவும் அது முயலும். நம் கருத்தில் இதுவே முதன்மையான காரணம். மக்கள் பெரிதும் கவனியாததும் இதுவே. சிறுநீரின் வழியே சர்க்கரையை வெளியேற்றும் ஒருவகை நீரிழிவு மருந்து உளது. அதனை உண்பவர் உடலிலிருந்து நாள்தோறும் ஏறக்குறைய 360 கலோரிச் சர்க்கரை அவர் அறியாமலே போய்விடுகின்றது. மேற்சொன்ன விதிப்படி அவர் இறுதியில் 15 கிலோ குறைதல் வேண்டும். குறைந்ததோ சுமார் 4 கிலோ மட்டுமே. அதன்பின் முள் நின்றுவிட்டது. ஏன்? அவர்கள் யாரும் உணவைக் கட்டுப்படுத்த முயன்றவரல்லர். ஆதலின் பசி தன்போக்கில் எவ்வளவு ஏறிற்று என்பதைக் கணக்கிட இது நல்ல வாய்ப்பாயிற்று. 2016-இல் வெளியான அக்கணக்கின்படி, ஒவ்வொரு கிலோ நிறைக் குறைவிற்கும் உடலின் செலவு நாளுக்கு 20 முதல் 30 கலோரி குறைகின்றது. பசியோ நாளுக்கு 100 கலோரி அளவு ஏறுகின்றது. ஆறு கிலோ குறைந்தவர் தொடங்கிய நாளினும் 600 கலோரி மிகுதியாக உண்ணத் தூண்டும் பசியோடு ஒவ்வொரு வேளையும் இலைமுன் அமர்கின்றார் என்பது இதன் பொருள்.

ஆறாம் அல்லது எட்டாம் மாதத்திற் பலருக்கும் முள் நிற்பதன் மருமம் இங்கு விளங்கும். உண்மையாகவே 500 கலோரி குறைத்து நின்றால் மூன்றாண்டு வரை மெல்ல மெல்லக் குறையவேண்டும் என்றோம். ஆறு மாதத்தில் நிற்கிறதென்றால், குறைப்பு முன்போலில்லை, பசி உந்த உந்த உணவு சிறிது சிறிதாய் மேலேறிவிட்டது என்பதே பெரும்பாலும் காரணம். இதனைச் சொன்னால் பலர் சினங்கொள்வர். ஆயின் 1992-இல் நியூயார்க்கில் நடந்த ஓர் ஆய்வு கருதத்தக்கது. 1,200 கலோரிக்குக் குறைவாகவே உண்டும் நிறை குறையவில்லை என்று முறையிட்ட பத்துப் பேரை, அடையாளமிட்ட நீரைப் பருகச் செய்து உடலின் செலவை நேரே அளக்கும் முறையாற் சோதித்தனர். அவர்தம் உடலின் செலவு குறைவுபடவில்லை. தாம் உண்டதை அவர்கள் பாதியளவு குறைத்தும், உடலுழைப்பைப் பாதியளவு கூட்டியும் சொல்லியிருந்தனர். அவர்கள் பொய்யரல்லர், மறதியும் பசியும் சேர்ந்து செய்த வேலை அது. ஆதலின் முள் நின்றவரை உறுதியற்றவர் என்று ஏளனம் செய்தல் அறியாமை. நாளுக்கு 600 கலோரிப் பசியைச் சுமப்பவரைச் சுமவாதவர் நகைப்பது எளிது.

இவ்வளவும் உணர்ந்தபின் செய்யத்தக்கது என்ன? முதலாவது, இரண்டு வாரம் உண்பதனைத்தையும் உண்ணும் அப்பொழுதே எழுதுதல். நம் நாட்டுச் சமையலில் கணக்குத் தவறும் இடங்கள் சில உள. அவற்றுட் பெரியது எண்ணெய். கிராம் ஒன்றுக்கு 9 கலோரி தரும் பொருள் அது. தாளிக்கையில் கண்ணளவாகச் சாய்க்கும் இரண்டு பெரிய கரண்டி 200 கலோரிக்கு மேலாகிவிடும். தோசை முறுகலாக வேண்டுமென்றால் இன்னும் கூடும். அடுத்தது தேங்காய்ச் சட்டினி. இட்டலியை எண்ணி உண்பவர் சட்டினியை எண்ணுவதில்லை. காப்பியிலும் தேநீரிலும் சேரும் சர்க்கரையும், எழுதும் மேசைமேல் வைத்து ஒவ்வொன்றாய்க் கொறிக்கும் முறுக்கும் நிலக்கடலையும், குழந்தைகள் மிச்சம் வைத்ததை வீணாகாதென்று தாய்மார் வாயிற் போடுவதும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. சோற்றை ஒருமுறை சமைக்குமுன் அரிசியாக நிறுத்துப் பார்த்தல் நன்று. 100 கிராம் அரிசி 350 கலோரி அளவு தரும்; நம்மில் பலர் ஒரு வேளைக்கு எவ்வளவு அரிசி உண்கின்றோம் என்பதை அறியோம்.

எழுதிப் பார்த்தும் பிழை இல்லையெனின், உடல் சிறுத்துவிட்டதனால் தேவையும் சிறுத்துவிட்டது என்று கொண்டு, புதிய நிறைக்குக் கணக்கைத் திருத்திக்கொள்ளல் வேண்டும். நாளுக்கு நூறு இருநூறு கலோரி திருத்தினாற் போதும். பட்டினி கிடப்பது உதவாது. அதனாற் கரைவது கொழுப்பு மட்டுமன்று, தசையுமாகும். தசை கரைந்தால் ஓய்வு நேரச் செலவு மேலும் வீழும். தசையைக் காப்பதற்கு இரண்டு வேண்டும்: புரதச் சத்தும், தசைக்கு வேலையும். வயிற்றை நீண்ட நேரம் அடக்கி வைப்பதிலும் புரதம் சோற்றினும் சிறந்தது. பருப்பு, சுண்டல், தயிர், முட்டை, மீன் ஆகியவற்றைக் கூட்டி, அவ்வளவிற்குச் சோற்றைக் குறைத்தால், கலோரி கூடாமலே பசி தணியும். கீரையும் காயும் நிறைய இருந்தால் இலை நிறைந்து தோன்றும்; கண் நிறைவதும் சிறிது வயிறு நிறைவதே. தசைக்கு வேலையென்றால் தண்டாலும் பஸ்கியும் நம் முன்னோர் அறிந்தனவே. வாரம் இரண்டு மூன்று நாள் செய்தாற் போதும். நடை தனியே நிறையை மிகக் குறைக்கும் என்று எதிர்பார்த்தல் வேண்டா. குறைந்த நிறையை மீண்டும் ஏறவிடாது காப்பதில் அதன் வலிமை பெரிது. நாள் முழுதும் நாற்காலியில் இருந்துவிட்டு மாலையில் அரைமணி நடப்பவர், தம்மையறியாது மற்ற நேரங்களில் முன்னினும் குறைவாக அசைகின்றாரா என்பதையும் நோக்குக. மின்னசோட்டா இளைஞரும் அவ்வாறே அசைவை விட்டனர். உறக்கம் குறைந்தால் பசி மிகும் என்பதைத் தேர்வுக்காலத்து மாணவர் நினைவிற் கொள்ளலாம்.

இடையிடையே உணவுக் குறைப்பை நிறுத்தி, குறைந்த நிறையிலேயே சில வாரம் நின்று இளைப்பாறிப் பின் தொடர்வது நன்றென்பர் சிலர். ஆஸ்திரேலியாவில் இரு வாரம் குறைத்தும் இரு வாரம் நிறுத்தியும் நடத்திய ஓர் ஆய்வு இதற்கு ஆதரவாக வந்தது. பின்வந்த ஆய்வுகள் அவ்வளவு பயனைக் காட்டவில்லை. நிறைக்கு உதவாவிடினும் மனத்திற்கு உதவும் என்பது நம் எண்ணம்.

புதிய மருந்துகளைப் பற்றிக் கேட்போர் உளர். செமாகுளுடைடு என்னும் மருந்தைக் கொண்டு 2021-இல் வெளியான பெருஞ்சோதனையில் 68 வாரத்தில் நிறை சராசரி நூற்றுக்கு 15 பங்கு குறைந்தது. அது பசியையே அடக்குவதால், முள் நிற்கும் நாள் தள்ளிப்போகின்றது. தள்ளிப்போகின்றதேயன்றி, அங்கும் ஓராண்டிற்குப் பின் ஏறக்குறைய நின்றே போயிற்று. மருந்தை விட்டோர்க்கு நிறை பெரும்பாலும் திரும்பிற்று. இம்மருந்துகளை மருத்துவர் மேற்பார்வையின்றித் தொடலாகாது. தைராய்டுச் சுரப்பி மந்தமாயிருத்தல், சில மனநோய் மருந்துகள், ஸ்டீராய்டு, இன்சுலின் ஆகியவையும் நிறையைப் பிடித்து நிறுத்துவன. களைப்பும் குளிர் தாங்காமையும் மலச்சிக்கலும் உடன் இருந்தால் இரத்தம் சோதித்துக் கொள்வதே முறை. மாதவிலக்கு நின்றுபோன இளம்பெண்களும், உணவைப் பற்றிய நினைவே நாள் முழுதும் வாட்டும் மாணவரும் நிறையைக் குறைக்கும் முயற்சியை உடனே நிறுத்தி மருத்துவரைக் காணல் வேண்டும்.

முள் எங்கு நின்றிருக்கின்றது என்பதையும் பார்த்தல் வேண்டும். நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு குறைந்தாலே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்கத் தொடங்கும். நம் தமிழ்நாட்டிலேயே இதற்கும் மேலான ஒரு சான்று கிடைத்துள்ளது. சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில், நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரை மூன்றாண்டு கவனித்து, 2006-இல் வெளியிட்ட ஆய்வு அது. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவரில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவுக்கு ஆளாயினர். உணவையும் நடையையும் சீர்செய்தவரில் 39 பேரே ஆளாயினர். இவர்தம் நிறையோ குறிப்பிடத்தக்க அளவு குறையவேயில்லை! முள் மூன்றாண்டு நின்றிருந்தும் நடந்த கால்கள் வீண்போகவில்லை.

நம்மவர்க்குக் கொழுப்பு வயிற்றைச் சுற்றியே மிகுதியாகச் சேருமாதலின், நிறைகோலோடு ஓர் அளவு நாடாவும் வைத்துக்கொள்வது நன்று. தசை சற்றுக் கூடிக் கொழுப்பு குறையும்போது முள் அசையாது, நாடா அசையும். நேரே நின்று, மூச்சை இயல்பாக விட்டபின், கடைசி விலா எலும்பிற்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பிற்கும் நடுவே, இறுக்காது சுற்றி அளத்தல் வேண்டும். இந்தியருள் ஆடவர்க்கு 90 சென்டிமீட்டரும், பெண்டிர்க்கு 80 சென்டிமீட்டரும் வரம்பாகக் கொள்ளப்படுகின்றன. மாதம் ஒருமுறை அளந்தாற் போதும்.